எழுபத்தொன்பதாம் தரிப்பிடத்துக்கு மின்சாரம்

மின்சாரப் பிக்கப்பில் சாமான் ஏற்றிப் பிழைக்கிறவனுக்குச் சார்ஜ் கிடைக்கும் இடத்தில்தான் வேலை தொடங்குகிறது.

எனக்கு நடந்த அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடியின் நிர்வாகக் குழு, என் எழுபத்தொன்பதாம் தரிப்பிடத்தில் சார்ஜர் பூட்டக் கொடுத்த விண்ணப்பத்தைத் தொலைத்தது. இரண்டாவது, மறுபடி கொடுத்ததை எட்டு மாதம் பரிசீலித்தது. மூன்றாவது, சுவரில் இருந்த பிளக்கில் நான் வண்டியைச் செருகியதும் அதன்மேல் இரும்புத் தகடு அடித்தது. சார்ஜர் இல்லாவிட்டால் வண்டியை விற்கவேண்டும். வண்டியோடு தொழிலும் போகும். அடுக்குமாடியில் மின்வண்டி வைத்திருக்கும் தோழர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

மில்லிக்கன் பிளாசா

அந்தக் கடைத்தொகுதியில் இரண்டு பொதுச் சார்ஜர்கள். ஒன்று பழுது. மற்றதன் முன்னால் ஒரு பெற்றோல் கார். உள்ளே ஒருவர் மட்டன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டி, பொது இடம் பற்றியும் பொதுநலம் பற்றியும் விளக்கினேன். பள்ளிக்கூடத்தைவிடத் துண்டுப்பிரசுரங்களில் அதிகம் படித்தவன் நான். சுருக்கமாகப் பேச வராது. அவர் முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் கதைச்ச நேரத்துக்கு நான் சாப்பிட்டு முடிச்சுப் போயிருப்பன்."

விட்பிக்கு ஓர் அலமாரி

தை மாதம். விட்பி நகரம் தூரம். குளிரும் பாரமும் சேர்ந்து பற்றறியைத் தின்றன. ஹீற்றரை நிறுத்தி, கையுறை இரண்டு சோடி போட்டு ஓட்டினேன். அலமாரியை இறக்கியபோது வீடு திரும்பச் சார்ஜ் இல்லை. வீட்டுக்காரப் பிள்ளை தன் கராஜ் பிளக்கைத் தந்தாள். ஆறு மணித்தியாலம் அவர்களுடைய சோபாவில் இருந்தேன். இரண்டு தரம் தேநீர், ஒரு தரம் சோறு. மூன்றாம் முறை தட்டோடு வந்தவள் கேட்டாள்:

"அங்கிள், உங்கட வீட்டில கரண்ட் இல்லையே?"

அன்று முடிவெடுத்தேன், கொண்டோவின் பொதுக்கூட்டத்துக்குப் போவதென்று.

கையெழுத்து

மாடி மாடியாக ஏறினேன். ஐந்தாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தாதி கதவைத் திறந்தார். நான்கு பக்க மனுவை நீட்டினேன். அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார்.

"எனக்குக் காரே இல்லை, தவராசா அண்ணை. ஆனால் உந்த நிர்வாகக் குழுக்காரர் தோக்கிறதைப் பாக்க வேணும். தாங்கோ பேனையை."

பொதுக்கூட்டம்

நாற்பது பேர் வந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். "எந்த விதியின்படி தகடு அடித்தீர்கள்? ஒரு சொல் விடாமல் சபைக்கு வாசியுங்கள்" என்றேன். எந்தக் கூட்டத்திலும் நான் விடாத கோரிக்கை இது. பல தலைவர்களை இதனால் உட்கார வைத்திருக்கிறேன். செயலாளர், இங்கேயே பிறந்த பிள்ளை, பழைய கோப்பைத் திறந்து வாசித்தாள்: "பொதுச் சுவரிலிருந்து தனியொருவர் எவரும், எக்காரணத்துக்காகவும், மின்சாரம் எடுக்கக் கூடாது."

மூன்றாம் சொல்லிலேயே எனக்கு நினைவு வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன், அப்போதைய குழுத் தலைவர் தன் தரிப்பிடத்துச் சுவர் பிளக்கில் மீன் பெட்டிக்கு ஒரு பிரீசர் ஓடவிட்டிருந்தார். அதை நிறுத்த ஒரு மாரிக்காலம் முழுக்கப் போராடினோம். வென்றோம். இன்றைக்கும் அது சரியான தீர்மானம்தான். ஒரேயொரு விதிவிலக்குக்கும் அதில் இடம் வைக்கவில்லை.

"போதும் பிள்ளை" என்றேன்.

"ஒரு சொல்லும் விடக்கூடாது எண்டு நீங்கள்தானே அங்கிள் சொன்னீங்கள்? இன்னும் ஒரு லைன் இருக்கு."

அரைகுறையாக வாசிக்கும் சபையை நான் என்றைக்கும் மன்னித்ததில்லை என்பதால், நாற்பது அயலவர் சாட்சியாக, அவள் வாசித்ததை நின்றபடியே கேட்டேன்: "முன்மொழிந்தவர், கந்தையா தவராசா."