எந்தக் கோட்டில் நிற்பது

விளையாட்டில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கல்லூரிப் பெண்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் என் பிஎச்.டி. தலைப்பு. ஆய்வேட்டில் அதற்கு ‘சாதனை ஊக்கம்’ என்று பெயர். எனக்கு அது இருக்கிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தால் முதல் வருஷமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இழுத்து இழுத்து ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன். ஐப்பசி முடிவதற்குள் விவரங்களைச் சேகரித்துக் கொண்டுவராவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், பட்ட பாடெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான் என்று தஞ்சாவூரில் கைடு கறாராகச் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை எளிமையானது. ஒரு கட்டையை நிறுத்தி, அதிலிருந்து தள்ளித் தள்ளி ஏழு கோடு போட வேண்டும். ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்த கோட்டில் நின்று கட்டையில் வளையம் போட வேண்டும். கட்டையில் மூன்று வளையம் விழும்வரை போடலாம், விழுந்ததும் அவள் முறை முடிந்தது. ஊக்கம் உள்ளவள் நடுவில் நிற்பாளாம். தோற்கப் பயந்தவள் கட்டையை ஒட்டி நிற்பாளாம், இல்லாவிட்டால் விழவே விழாது என்று சாக்குச் சொல்லக் கடைசிக் கோட்டுக்குப் போய்விடுவாளாம். கேட்டபோது எனக்கும் பிரமாதமாகத்தான் தோன்றியது.

மாயவரம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போனேன். மைதானத்தில் பாதி, பேராசிரியர்களின் கார் நிற்கும் இடம். மீதியில் சுண்ணாம்புக் கோடு போட்டு முதல் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“எங்க நிக்கணும் மேடம்?”

“உன் இஷ்டம்மா.”

“பரவால்ல மேடம், நீங்களே சொல்லுங்க.”

“நான் சொல்லக் கூடாதும்மா. உனக்கு எது புடிக்குதோ அங்க நில்லு.”

“எனக்கு எங்க நின்னாலும் ஓகேதான் மேடம்.”

இப்படியே வெயிலில் வாதாடிக் கடைசியில் பெரிய மனசு பண்ணி நாலாவது கோட்டில் நின்றாள். அடுத்தவளும் நாலாவது கோடு. அதற்கடுத்தவளும் அதேதான். ஏன் என்று கேட்டால், “அவ அங்கதான மேடம் நின்னா” என்றாள். அன்று வந்த அத்தனை பேரும் நாலாவது கோட்டிலேயே நின்றார்கள்.

கைடுக்கு போன் செய்தேன். “எல்லாத்துக்கும் நாலுன்னு வந்தா இதுல என்னத்தம்மா ஆராய்ச்சி பண்றது? வித்தியாசம் வேணும். தனித்தனியா கூப்பிட்டுப் பாருங்க” என்றார்.

மறுநாள் விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குள் ஏழு கோடு போட்டு, மிச்சமிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே வந்தவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் நேராக நாலாவது கோட்டுக்கே போனார்கள். கதவில் காதை வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. “நாலுல நில்லுடி, மேடம் தலையாட்டுறாங்க.” பிராக்டிகல் தேர்வு முடிந்து வெளியே வருகிறவள் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அந்தக் கரிசனம். நான் தலையாட்டவில்லை, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தரங்கம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண் உள்ளே வந்தாள். யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று கடைசிக் கோட்டுக்குப் போனாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வளையங்கள் பீரோவில் மோதின, ஜன்னலில் மாட்டின, ஒன்று என் தோளில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். வெளியே கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவள் பெயருக்கு நேரே ‘பயம்’ என்று குறித்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

“அங்கேருந்து போட்டா விழாதுன்னு தெரியலையாம்மா?”

“தெரியும் மேடம். கிட்ட நின்னா மூணும் டக்குனு விழுந்துடும், வெளியில போன்னு சொல்லிடுவீங்க. இங்கன்னா ரொம்ப நேரம் போடலாம்ல.” வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “ஸ்கூல்ல பி.டி. பீரியடெல்லாம் கணக்கு டீச்சர்தான் வாங்கிப்பாங்க மேடம். இங்க வந்தா பஸ்ஸுக்கு ஓடவே சரியா இருக்கு.”

‘பயம்’ என்பதை அடித்தேன். அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்று தெரியவில்லை.

வெளியே போனவள் சும்மா இருப்பாளா? தான் கண்டுபிடித்ததை எல்லோருக்கும் சொன்னாள். அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லோரும் கடைசிக் கோடு. முந்தின நாள் முடித்தவர்களும் திரும்பி வந்து, “எங்களுக்கு இன்னொரு வாட்டி மேடம்” என்று நின்றார்கள். அறை கொள்ளவில்லை. கட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டோம். பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன, ஒருத்தியும் நகரவில்லை. நிறுத்தியிருக்க வேண்டியது நான். இன்னும் பதினைந்து பேர் எனக்கு ஒழுங்காக நின்று காட்டியிருந்தால்கூட ஏதோ ஒப்பேற்றியிருக்கலாம். எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. நானும் கடைசிக் கோட்டிலிருந்து போட்டுப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. வெகு நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

தஞ்சாவூரில் கைடு தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பாதிப் பேருக்கு நாலு, பாதிப் பேருக்கு ஏழு. இதத் தூக்கிக் குப்பையில போடுங்க” என்றார். திட்டி முடித்த பிறகு மனமிரங்கி, ஆறு மாதம் அவகாசம் கேட்டு மனுப் போடச் சொன்னார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ‘மாணவிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அடித்துவிட்டு, ‘கனமழை’ என்று எழுதினார்.

“அந்த வாரம் ஒரு தூறல்கூட இல்லையே சார்.”

“ஐப்பசியில மழைன்னு எழுதினா எவனும்மா கேக்கப் போறான்? நீங்க எழுதினதத்தான் ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

அவகாசம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த மனுவில் கையெழுத்துப் போடும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஆறு வருஷத்தில் நான் கண்ணால் பார்த்து எழுதிய வரி, அவர் அடித்த அது ஒன்றுதான்.