ஆந்தைக்குக் கண் மங்கிய கதை

ஆராய்ச்சிக் கூடத்தின் எலி அறையில் இருபத்தொரு வருடமாக வேலை பார்ப்பவருக்கு ஆந்தை என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த அறையில் காலை எட்டு மணிக்கு விளக்கு அணையும். இரவு எட்டுக்குத்தான் மறுபடி எரியும். வெளியே பட்டப்பகல், உள்ளே கும்மிருட்டு. கையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டுக் கூண்டுகளுக்கும் தண்ணீர் பாட்டில் மாற்றுவார், தீனி போடுவார், ஒவ்வொரு எலியாக எடை போட்டு எண் பிசகாமல் எழுதிக்கொண்டு வெளியே வருவார். 'ஆந்தை' என்று யாராவது கூப்பிட்டால் கோபம் வராது. படித்து வாங்கிய பட்டம் மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

இருட்டு எதற்கு என்று கேட்டால் போதும், உட்கார வைத்துச் சொல்வார். இருட்டில்தான் உடம்பில் மெலடோனின் என்ற தூக்கச் சுரப்பு ஊறும், துளி வெளிச்சம் பட்டாலும் குறைந்துவிடும். அது நன்றாக ஊறினால் எலிகளின் மார்புக் கட்டி மெதுவாக வளருமா என்பதுதான் ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தின் கேள்வி. இவருடைய எலிகளுக்கு முழு இருட்டு. பக்கத்து அறை எலிகளுக்கு இருட்டு நேரத்திலும் மங்கலாக ஒரு பல்பு. இரண்டு அறையிலும் கட்டியை அளந்து பார்த்தால் பதில் வந்துவிடும். மூன்று வருட ஏற்பாடு, மூன்று மாதச் சோதனை.

அதனால் கதவு இடுக்கெல்லாம் கறுப்பு டேப். போன், கைக்கடிகாரம் எல்லாம் வாசலில் உள்ள தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஒத்திகை ஓடிய நாட்களில் ஒருமுறை எலக்ட்ரீசியன் முள் மின்னும் கடிகாரத்தோடு நுழைந்துவிட்டார். ஆந்தை அவரை வெளியே இழுத்து வந்து பத்துப் பேர் முன்னால் கத்தினார். "உன் முள்ளு வெளிச்சத்துல எங்க உழைப்பு மொத்தமும் போயிடும்யா! அறிவில்ல?" அந்த மனிதர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். ஏனென்றால் அடுத்த மாதம் சோதனை தொடங்கியதுமே ஆந்தை தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தார்.

வயது ஐம்பத்தாறு. சிவப்பு வெளிச்சத்தில் கூண்டு அட்டையில் மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணாடி வாங்கிப் பார்த்தார், பிரயோஜனமில்லை. சொன்னால் பாட்டில் கழுவும் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். கண் தெரியாத ஆந்தை என்று சிரிப்பார்கள். அதைவிடப் போனின் டார்ச்சை விரலால் மூடி, விரலிடுக்கு வெளிச்சத்தில் எண்ணைப் படிப்பது சுலபம். ஒரு கூண்டுக்கு ஒரு நொடிதானே என்று நினைத்தார். சோதனை நடந்த மூன்று மாதமும் தினமும் அப்படித்தான் படித்தார்.

ஒரு சனிக்கிழமை மேடம் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு அறையிலயும் கட்டி ஒரே அளவுதான் ஐயா. இருட்டால ஒரு பலனும் இல்லைன்னு எழுதி இதை மூடிடப் போறேன். வெள்ளிக்கிழமை அறிக்கை போயிடும். உங்க மேல எந்தக் குறையும் இல்ல. உங்க கவனத்துக்கு அறிக்கையிலயே நன்றி சொல்லியிருக்கேன், பாருங்க."

பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. 'இருட்டை அணுவளவும் குறையாமல் காத்தவர்' என்று இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் அந்த வரியை விரலால் மூடிக்கொண்டார். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை தங்கையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற நாள். அவளுக்கு மார்பில் கட்டி எடுத்து எட்டு மாதம், இன்னும் சிகிச்சை ஓடுகிறது. வாயாடி. வாரா வாரம் பஸ்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணே, உன் எலிங்க என்ன சொல்லுதுங்க?" இவர் சொன்னதைக் கேட்டுத் தன் படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்து மாட்டியிருந்தாள். மருந்தை விடாதே, இது மருந்தில்லை என்று இவர் சொன்னதற்கு, "திரை போட்டா தூக்கமாவது வருதே" என்றாள்.

அன்றைக்கும் கேட்டாள்.

"இருட்டால பலனில்லைன்னு சொல்லுதுங்க" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "சரி விடு. திரையைக் கழட்டிடறேன். பகல்ல காத்தாவது வரும்" என்றாள்.

அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

மறுநாள் காலை மேடத்தின் மேஜையில் தன் போனை வைத்தார். "அறிக்கையை அனுப்பாதீங்க மேடம். இதை நான் தினமும் உள்ளே கொண்டுபோனேன். டார்ச் அடிச்சேன்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமும்."

"ஏன்?"

"அட்டையில நம்பர் தெரியல."

மேடம் கத்துவார் என்று காத்திருந்தார். எலக்ட்ரீசியனிடம் தான் கத்தியதுபோலக் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மேடம் எழுந்து ஜன்னலை மூடினார், விளக்கை அணைத்தார், இழுப்பறையிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கைப் போட்டார். ஒரு வெற்று அட்டையில் தடித்த பேனாவால் உள்ளங்கை அகலத்துக்கு 38 என்று எழுதி நீட்டினார்.

"தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"இதைக் கேட்டிருக்கலாமே ஐயா."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு பேனா, நாற்பத்தெட்டு அட்டை. அதற்கு வெட்கப்பட்டு, மூன்று வருட வேலையைக் குட்டிச்சுவராக்கியிருக்கிறோம் என்று கூனிக் குறுகி நின்றார். நன்றி எழுதிய வரியை அடித்துவிடும்படி அவரே மேடத்திடம் கேட்டுக்கொண்டார். விசாரணை முடியும்வரை பாட்டில் கழுவும் இடம் என்று முடிவானது. போகிற வழியில் எலக்ட்ரீசியனைத் தேடிப் பிடித்து, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அவர் ஒன்றும் புரியாமல், "அதை நான் அப்பவே மறந்துட்டேனே" என்றார்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனார். திரை ஜன்னலில் இல்லை. மடித்துக் கட்டில் மேல் கிடந்தது.

"எலிங்க அப்படிச் சொல்லலைம்மா. நான்தான் கெடுத்தேன்" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்போ இருட்டால பலன் இருக்கா?"

"தெரியாது. திரும்ப முதல்லேருந்து பார்க்கணும். ஒரு வருஷம் தள்ளிப் போச்சு."

சொன்ன பிறகுதான், ஒரு வருஷம் என்பதை யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. அவள் கேலி பேசவில்லை, திட்டவுமில்லை. மடித்து வைத்த திரையை எடுத்து அவர் கையில் கொடுத்து, நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டாள்.

"ஏறி மாட்டு. பழைய கொக்கி அங்கேயே இருக்கு. தெரியுதா?"

ஏறி நின்று சுவரைத் துழாவினார். தெரிகிறது என்ற சொல் வாய் வரை வந்தது.

"தெரியலைம்மா" என்றார். "நீ வந்து காட்டு."