ஓலை செரிக்குமா?

விதிப்படி, புதுத் தீவனம் மாட்டுக்கு எவ்வளவு செரிக்கிறது என்ற சோதனை முடிவு இரண்டு வாரத்தில் கிடைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தில் பார்வதி இரண்டு பசுக்கள் வைத்திருந்தாள். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள். வெட்டிப்போட்ட செம்பனை ஓலைதான் மிச்சம்.

“ஓல செரிக்கும்னா வச்சிக்கிறேன் அண்ணே. இல்லேன்னா ஒடம்பு இருக்கிறப்பவே வித்துர்றேன். சொல்லுங்க லா.”

“அளக்காம சொல்லக்கூடாது, பார்வதி.”

ஓலையை முறைப்படி காயவைத்து, அரைத்து, முத்திரையிட்டு அதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்.

மாதங்கள் போயின. பசுக்களுக்கு வயிறு உப்பியிருந்தது. விலா எலும்பும் தெரிந்தது. சாணத்தில் ஓலை நார் அப்படியே கிடந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும், “ரிப்போர்ட் வரட்டும்” என்றேன்.

“அந்த ரிப்போர்ட்டையே தின்னக் குடுக்கலாம் போல, அண்ணே. அதாச்சும் செரிக்கும்.”

ஒரு பசு விழுந்து செத்தது. மற்றதை வாங்க வந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு அதுவும் எழவில்லை.

கண்ணெதிரே கண்டதைச் சொல்ல எனக்கு எதற்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது? இன்றும் விடை தெரியவில்லை. ஓலையை மட்டுமே தீவனமாகக் கொடுப்பது உகந்ததல்ல என்ற பதில், முறையான முத்திரையோடு வந்து சேர்ந்த நாள், மாட்டுப் பொங்கல்.