அக்கரைக் கப்பலுக்கு ஒரு மிரர் லென்ஸ்

கொச்சியில், சுள்ளிக்கல் ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பொன்மணியின் குரல் கேட்பதே இல்லை. "கொஞ்சம் நேரா" என்பாள். அவர்கள் "எந்தா?" என்று முகத்தை நிமிர்த்துவார்கள். நிமிர்ந்த முகத்தை அவள் அதற்குள் எடுத்து முடித்திருப்பாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுவாள். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது. எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் அழுதுவிட்டு வந்திருக்கிறாரா, போட்டிருப்பது இரவல் சட்டையா என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அந்தக் கண்தான் இப்போது அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

அவள் கணவன் அருண்பாண்டி சரக்குக் கப்பலில் சமையலறை ஆள். போன ஓணத்துக்கு முன்னால் மட்டாஞ்சேரி வீட்டைவிட்டுக் கிளம்பியவன், வீடியோ காலில்தான் வருவான். முன்பெல்லாம் பேசிக்கொண்டே நடப்பான். பின்னால் கதவு, குழாய், தொங்கும் துண்டு எல்லாம் ஆடி ஆடிப் போகும். "ஒரு இடத்துல நின்னு பேசுங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று அவளே சொல்லியிருக்கிறாள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவன் நடப்பதில்லை. எப்போது கூப்பிட்டாலும் பின்னால் அதே சுவர், அதே ஆணி. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மட்டும் தெரியும்படி போனை முகத்தோடு வைத்துக்கொள்வான்.

"கால்ல ஏதும் அடி பட்டுச்சா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"அடியா? யாரு சொன்னா? நல்லாத்தான இருக்கேன். மூஞ்சியப் பாரு!"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவனே சொன்னான். கப்பல் கொச்சிக்கு வருகிறது. வெலிங்டன் தீவில், மட்டாஞ்சேரிக்கு நேர் எதிரே கரையோடு கட்டி நிறுத்துவார்கள். ஆனால் சரக்கை இறக்கியதும் கிளம்பிவிடும், கரைக்கு யாரையும் விடமாட்டார்கள்.

"நான் உள்ள வரமுடியாதா?"

"அதுக்குப் பாஸ் வேணும் புள்ள. முன்னாடியே எழுதிக் கேட்கணுமாம். இந்தத் தடவை நடக்காது. நீ ஒண்ணு பண்ணு, சாயங்காலம் படகு ஜெட்டில வந்து நில்லு. டீயக் குடுத்து முடிச்சுட்டு நான் வெளிய வந்து நிக்கேன். கைய ஆட்டு, நானும் ஆட்டுறேன்."

நடக்காது என்று சொன்னபோது அவன் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. வீட்டுக்கு வந்தால் நடந்துதானே வரவேண்டும்.

அக்கரையில் நிற்கும் ஆளை வெறும் கண்ணால் பார்த்தால் ஒரு குச்சி நிற்பதுபோலத்தான் இருக்கும். பொன்மணிக்கு அவன் கையாட்டுவதைப் பார்க்கவேண்டியதில்லை. அவன் நடப்பதைப் பார்க்கவேண்டும். அதுவும் அவள் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் பார்க்கவேண்டும்.

ஸ்டுடியோ அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய லென்ஸ் கிடந்தது. முதலாளி சுபாஷிணியின் அப்பாவுக்கு எந்தக் காலத்திலோ ஒரு ரஷ்யக் கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போனது. குட்டையாக, தடியாக, தூக்கினால் அம்மிக்குழவி கனம். அதைத் துடைக்கிறபோதெல்லாம் பொன்மணிக்கு ஒரு சந்தேகம் வரும்: முன்கண்ணாடியின் நடுவில் வட்டமாக ஒரு கறுப்பு மூடி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை யாரும் எடுக்கவே இல்லையா? அன்று துணிந்து நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

"ஐயோ, அது மூடி இல்லையாக்கும்!" என்று ஓடிவந்தாள் சுபாஷிணி. பாலக்காட்டுக்காரி, பதறினால் பேச்சு இன்னும் பாலக்காடாகிவிடும். "இது மிரர் லென்ஸ், உள்ள கண்ணாடி இருக்கு. முகம் பாக்கற மாதிரிக் கண்ணாடி. வெளிச்சம் பின்னால போய் முட்டி, முன்னால வந்து இந்தக் கறுப்புக்குப் பின்னாடி முட்டி, திரும்பப் போறது. அதான் இத்தனை குட்டையா இருந்தும் தூரத்துல இருக்கறதப் பிடிச்சுண்டு வரும். இத வெச்சுண்டு நோக்கு என்ன காரியம்?"

"கப்பல் பாக்கணும் அக்கா" என்றாள் பொன்மணி. சுபாஷிணிக்கு அது போதும். பழைய லென்ஸையும் புது மிரர்லெஸ் கேமராவையும் சேர்க்கும் அடாப்டர் வளையத்தை அன்றே போனில் தேடி வரவழைத்தாள்.

வளையம் வந்தது. லென்ஸின் பின்பக்க மரையில் அதைச் சுற்றி இறுக்கி, கேமராவில் மாட்டித் திருகினால் 'டக்' என்று உட்கார்ந்தது. ஆனால் கேமரா படமெடுக்க மறுத்துவிட்டது. லென்ஸ் இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. இத்தனை கனத்தை வைத்துக்கொண்டு இல்லை என்கிறதே என்று பொன்மணிக்கு அழுகை வந்தது. கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கப் போகும் ஸ்ரீநாத் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"சேச்சி, இது லென்ஸோ உருளியோ? இதுல பாயசம் வைக்கலாம், படம் வராது."

"சிரிக்காம வழி சொல்லு ஸ்ரீநாத்."

"இந்த லென்ஸ் பழையவன், மின்சாரம் இல்ல, பேச்சு இல்ல. பேசாத ஆள கேமரா ஆளாவே எண்ணாது, நம்ம சேச்சிய மாதிரி" என்றபடி மெனுவுக்குள் போய் எதையோ மாற்றிக் கொடுத்தான். லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்று கேமராவிடம் சொல்லவேண்டுமாம். பிறகு எடுத்தது.

மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டுப் பழகினாள். தூரத்துச் செல்போன் கோபுரத்தில் ஒரு காகம். தூரத்துக்கு வைக்கவேண்டும் என்று லென்ஸின் வளையத்தைக் கடைசிவரைக்கும் திருப்பினாள். காகம் புகையாகப் போனது. எத்தனை முறை திருப்பினாலும், கடைசிக்குப் போனால் புகைதான். வளையம் போகிற கடைசி வேறு, தூரம் இருக்கிற இடம் வேறு என்பது புரிய அவளுக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. வெயிலில் உள்ளே எல்லாம் கொஞ்சம் விரியும், அதற்காகக் கூட இடம் விட்டிருக்கிறார்கள் என்று சுபாஷிணி படித்துச் சொன்னாள். கடைசியிலிருந்து ஒரு மயிரிழை திரும்பி வந்தபோது, திரையில் காகத்தின் சாம்பல் கழுத்து இறகு இறகாகத் தெரிந்தது. அது வாயைத் திறந்தது, உள்ளே சிவப்பு. பொன்மணி மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் வந்த அன்று சாயங்காலம் ஸ்ரீநாத் பைக்கில் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு ஜெட்டிக்கு வந்தான். "போலீஸ் வந்து துறைமுகத்தை எதுக்கு எடுக்கிறேன்னு கேட்டா, எனக்கு இந்தச் சேச்சியத் தெரியாது, கேட்டோ" என்றான்.

"படம் எடுக்கலப்பா, பாக்கத்தான்" என்றாள். படகுக்கு நின்ற வரிசை மொத்தமும் தன்னையே பார்ப்பதுபோல அவளுக்குக் கூசியது. ஓரமாக ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

வெயில் அவள் முதுகுப் பக்கமிருந்து கப்பலின் மேல் விழுந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினாள். தண்ணீர் மினுக்கங்களெல்லாம் திரையில் சின்னச் சின்ன வளையல்களாக மிதந்தன. அவற்றுக்குப் பின்னால் துருப்பிடித்த இரும்பும், தளத்தின் ஓரத்துக் கம்பி அழியும், ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகும் தெளிந்து வந்தன. கதவு திறந்தது.

அருண்பாண்டி வந்தான். திரையைப் பெரிதாக்கினாள். முகம் விரல்நகம் அளவுதான், ஆனால் அவன்தான். பனியன் தொளதொளவென்று கிடந்தது. ஒரு கையால் சுவரோரக் கம்பியைப் பிடித்தான், வலது காலை முன்னால் வைத்தான், இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான். மறுபடி வலது கால். மறுபடி இடது காலைக் கொண்டுவந்து சேர்த்தான். கதவிலிருந்து கம்பி அழி வரைக்கும் அவ்வளவு நேரம் ஆயிற்று. அழிக்கு வந்ததும் நிமிர்ந்து, சட்டென்று சிரித்த முகமாகிக் கரையைப் பார்த்துக் கையாட்டினான். அவள் நிற்கும் பக்கம் இல்லை. படகு வரிசையைப் பார்த்து.

பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. ஒரு கை லென்ஸின் கனத்தைத் தாங்கியது, ஒரு கை வளையத்தில் இருந்தது. திரையில் அவன் போனைக் காதில் வைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்தது. இத்தனை மாதத்தில் அவன் முழுசாகக் கிடைத்தது இப்போதுதான்.

மணி நின்றது. அவன் போனை இறக்கி ஒரு நொடி அதையே பார்த்தான். பிறகு கரையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் தேடினான். அவன் முகம் இந்தத் தூணையும் கடந்து போனது. கை தானாகக் கீழே இறங்கியது. தோளும் இறங்கியது. அந்த மாதிரி அவன் நின்று அவள் பார்த்ததில்லை. எந்த வீடியோ காலிலும் அவன் அப்படி வந்ததில்லை. அவன் திரும்பி, கம்பியைப் பிடித்து, கதவைப் பார்த்து வலது காலை எடுத்து வைத்தான்.

"ஸ்ரீநாத், இதப் பிடி!"

அவள் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று ஸ்ரீநாத் எதிர்பார்க்கவில்லை. வரிசையும் எதிர்பார்க்கவில்லை. பொன்மணி தூணை விட்டு ஓடி, சிமெண்ட் பெஞ்சின் மேல் ஏறி, மஞ்சள் ஷாலை உருவித் தலைக்கு மேல் சுற்றினாள். "இங்க! இங்க இருக்கேன்!" என்று கத்தினாள். தண்ணீரைத் தாண்டி அது போகாது என்று தெரிந்தும் கத்தினாள். யாரோ சிரித்தார்கள். அக்கரையில் இப்போது ஒரு புள்ளி மட்டும் இருந்தது. அது நிற்கிறதா, போகிறதா என்பதுகூடத் தெரியவில்லை.

போன் அடித்தது.

"மஞ்சளா?"

"ஆமா, மஞ்சள்தான்."

"எங்கிட்டுப் போயிருந்த புள்ள? வரலையோன்னு நெனச்சுட்டேன்."

"இங்கதான் இருந்தேன். பெரிய லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு இருந்தேன்."



"எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"படில சறுக்கிட்டுது. கட்டு பிரிச்சாச்சு, சரியாயிரும்னாங்க. நீ பயந்துருவன்னுதான்..."

"சுவத்துல சாஞ்சு உக்காந்து பேசினா பயப்பட மாட்டேனா?"

 தூணுக்குப் பக்கத்திலிருந்து "சேச்சி, ஆளு ஃபோக்கஸ்ல இருக்கு, வந்து நோக்கு" என்று ஸ்ரீநாத் கூப்பிட்டான். பொன்மணி போகவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கினாள்.

"நடங்க" என்றாள் போனில்.

"எங்க?"

"அந்த ஆரஞ்சுப் படகு வரைக்கும். மெதுவா நடந்தாப் போதும். போன வைக்காதீங்க."

புள்ளி நகர்ந்தது. அவளும் தண்ணீர் ஓரமாக அதே பக்கம் நடக்கத் தொடங்கினாள். காதில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அது நின்றபோது அவளும் நின்றாள். மறுபடி கிளம்பியபோது கிளம்பினாள். ஷால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. படகு வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.