பிரேக் சாரின் ஷெட்

மனைவி தேநீர் ஊற்றும்போது கோப்பை முக்கால் நிறைந்ததும், மேசைக்கடியில் பிரேக் சாரின் வலது கால் தரையை அழுத்தும். அழுத்தியும் தேநீர் நிற்காவிட்டால் "ஹோல்டான்" என்பார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில், மாணவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று பொருத்திய தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் சார். பேருந்தில் போனாலும் மிதிப்பார், சினிமாவுக்குப் போனாலும் மிதிப்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடி, மீட்டர் எல்லாம் அவருக்குக் கிடையாது. எதையும் பயிற்சிக் காரை வைத்துத்தான் அளப்பார். புதுக் கட்டில் "அரைக் கார் நீளம்". மகள் வளர்ந்ததைக்கூட, "நேத்துதான் பானெட் உயரம் இருந்தா, இப்ப பாரு, கூரையைத் தாண்டிட்டா" என்றுதான் சொன்னார். கேட்பவர்களும் பழகிப்போய் மனதுக்குள் ஒரு காரை நிறுத்திப் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டின் பின்னறை முழுக்க அவருடைய சாமான்கள். கழற்றிப் போட்ட ஸ்டியரிங், வழுக்கையான டயர்கள், ஒற்றைப் பக்கக் கண்ணாடிகள், பஞ்சு பிதுங்கிய இருக்கை. எதைக் கேட்டாலும் "ஒரு நாள் உதவும்" என்பார். அந்த ஒரு நாள் வந்த பாடில்லை. திரைச்சீலை தைப்பதையே தொழிலாகக் கொண்ட அவர் மனைவிக்குக் கூடத்துத் தரைதான் கதி. துணியை விரித்து ஊசி குத்தி முடிப்பதற்குள், அதன் மேலேயே நடந்து போய் செய்தித்தாளை எடுத்து வருவார் நம்ம ஆள். பார்த்துப் போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு பள்ளிக்கூடம் தன் அரங்கத்துக்கு மேடைத்திரை தைத்துத் தரச் சொல்லிக் கேட்டது. ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

"ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. அதையும் கூடத்தையும் சேத்து எப்படியாவது விரிச்சுக்கறேன். இல்லேன்னா முடியாதுன்னு சொல்லிடறேன். ஆனா இந்த மாதிரி வேலை இன்னொரு தடவை என்னைத் தேடி வராது," என்றார் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பிரேக் சாரை உறுத்தியது.

பயிற்சிப் பள்ளியில் கார் நிறுத்தும் ஷெட்டை அப்போது இடிக்க இருந்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, மரத்தரை, பக்கத்துக்கு ஒரு ஜன்னல். "வேணும்னா முழுசா தூக்கிட்டுப் போங்க, இல்லேன்னா உடைச்சிடுவேன்," என்றார் முதலாளி. பின்பக்கத் தோட்டத்தில் அதை வைத்து, சாமான்களை அதற்குள் தள்ளிவிட்டால் அறை மனைவிக்கு. சனிக்கிழமை காலை கிரேன் பொருத்திய லாரியில் ஷெட் வந்து வாசலில் நின்றது. லாரி ஓட்டுநரும் அவருடைய பழைய மாணவர்தான். பக்கத்தில் பிரேக் சார். பெரிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்னால் நின்று வழி சொல்வார். நம்மவருக்கோ பக்கத்து இருக்கையை விட்டு இறங்கினால் உலகம் தெரியாது.

வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"சார், இதுல நுழையாது போலிருக்கே."

"மத்தியானம் சாப்பிட வர்றப்ப நம்ம கார் இந்தச் சந்துலதானே நிக்குது?"

"ஆமா சார்."

"ராத்திரி இந்த ஷெட்டுக்குள்ளதானே நிக்குது?"

"ஆமா சார்."

"அப்ப ரெண்டும் ஒரே அகலம். எடு."

லைசென்ஸ் வாங்கித் தந்தவரே சொல்லிவிட்டாரே என்று ஓட்டுநர் கியரில் கை வைத்தார். வாசலில் நின்ற மனைவிதான் கேட்டார்: "என்னங்க, ஷெட்டுக்குள்ள கார் போகுதுன்னா, ஷெட்டு காரைவிடப் பெரிசுதானே?"

பிரேக் சார் சந்தைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார். பிறகு வேறு யாருக்கோ சொல்வதுபோல, "கண்ணாடியை மடக்கினா போயிடும்," என்றார்.

"ஷெட்டுக்கு ஏது சார் கண்ணாடி?"

இறக்க இடமில்லையென்றால் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டியதுதான், அங்கே போனால் உடைத்துவிடுவார்கள் என்றார் ஓட்டுநர். மனைவியின் முகம் வாடிப் போனது. பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் என்பது அந்தச் சந்திலேயே முடிவாகிவிட்டது போல் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

இருந்த வழி ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் தோட்டம் தெருவரை அகலமாகத் திறந்து கிடந்தது. நடுவில் கம்பிவேலி மட்டும்தான். ஆனால் அந்த டாக்டரைத்தான் பிரேக் சார் பயிற்சியின் பாதியிலேயே, "உங்களுக்கு இது வராதுங்க" என்று இறக்கிவிட்டிருந்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? லாரியை விட்டு இறங்கவே இல்லை அவர். மனைவி போய்க் கேட்டார்.

"வேலியைத் தாராளமா கழட்டிக்கோங்க அக்கா," என்றார் டாக்டர். "ஆனா என் செடிங்க மேல ஏறாம நீங்க நின்னு வழி சொல்லணும். அவர் சொல்லக் கூடாது. அவர் சொன்னா வண்டி நகராது."

மனைவி பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். ஓட்டுநர் கண்ணாடியில் தெரிந்த அந்தக் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். கை அசைந்தால் லாரி அசைந்தது, கை நின்றால் நின்றது. ஒவ்வொரு தடவையும் லாரி நின்ற பிறகு பிரேக் சார் "ஹோல்டான்" என்று சொல்லி, தன் பங்குக்குக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார். கால் மட்டும் லாரித் தரையை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.

"சார், அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"தெரியும்பா," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார்.

ஒரு செடிகூடச் சாயவில்லை. சிமென்ட் கற்களின் மேல் ஷெட் அலுங்காமல் உட்கார்ந்தது. மனைவி உள்ளே போய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். ஜன்னலைத் திறந்தார். வெளிச்சம் தரை முழுக்க விழுந்தது. வெளியே வந்து, "உங்க சாமான் ரூம்லயே இருக்கட்டுங்க. நான் இதை எடுத்துக்கறேன்," என்றார்.

பிரேக் சாரின் வாதங்கள் எல்லாம் சந்திலேயே சிக்கிக்கொண்டன போலிருக்கிறது. "சரி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு "தைக்கிறேன்" என்று பதில் போனது. இரண்டொரு நாளில் கருஞ்சிவப்புத் துணி வந்து இறங்கி, ஷெட் தரையில் சுவருக்குச் சுவர் விரிந்தது. நடுவில் மண்டியிட்டு, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார் மனைவி. அவர் கூடத்தில் மறந்துவிட்டு வந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பிரேக் சார் தோட்டத்துக்கு வந்தார். ஷெட்டின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. துணியின் ஓரம் வாசல்படிவரை வந்திருந்தது. படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, திறந்திருந்த கதவை ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார்.