மூடுகிற செலவைக் கேட்டவர்

ஜமீலா மேடம் போய்விட்டார். ஆவடி ஸ்டேஷனில் நான் ரயிலுக்கு நின்றிருந்தபோது அவர் மகள் பர்வீன் போன் செய்தாள். "அங்கிள், அம்மா மவுத்தாயிட்டாங்க." கையிலிருந்த டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சு அளக்கும் பிரிவில், எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஓய்வுக்குப் பின் அயனம்பாக்கத்தில் ஒரே குடியிருப்பு. அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது: வயதான உலைகளை மூடி, பிரித்து, கழிவைத் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கிற செலவு யார் தலையில்? "திறக்கிற அன்னைக்கு மாலையோட வருவாங்க சார். மூடுற அன்னைக்கு யாரு வருவா?" என்பார். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?" என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒருமுறை எங்கள் குடியிருப்பின் பழைய தண்ணீர்த் தொட்டியை இடிக்க வந்த மேஸ்திரி கேட்ட தொகையில் சங்கமே ஆடிப்போனது. "இன்னா சார், கட்ட சொல்லோ இத்த யாரும் யோசிக்கலியா? சும்மா தள்னா பக்கத்து ஊட்டு மேல உழும்" என்றார். அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு டம்ளர்கூடக் குடிக்காத புதுக் குடித்தனக்காரர்களும் பங்கு கொடுத்தார்கள். "தண்ணித் தொட்டிக்கே இந்தப் பாடு" என்றார் மேடம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்கட்டணக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வருஷா வருஷம் போய் அதையே கேட்பார். போன முறை முட்டிவலி. எழுதிய தாளை என்னிடம் தந்தார். போனேன். பெயர் கொடுக்கும் வரிசையிலும் நின்றேன். முன்வரிசையில் பழைய அதிகாரிகளைப் பார்த்ததும் தாளை மடித்துப் பையில் வைத்தேன். பென்ஷன்காரனுக்கு எதற்கு வம்பு என்று திரும்பிவிட்டேன்.

"படிச்சீங்களா சார்?"

"படிச்சேன் மேடம். குறிச்சுக்கிட்டாங்க."

டீயை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க" என்றார். பாவி நான், நிம்மதியாகக் குடித்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் பர்வீன் ஓர் உறையைக் கொண்டுவந்தாள். "அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க." உள்ளே அதே கேள்வி, புதிதாகத் தட்டச்சு செய்தது. கீழே அவர் பெயருக்குப் பதில் என் பெயர். ஓரத்தில் அவர் கையெழுத்து: "இந்தத் தடவையாவது படிச்சிடுங்க சார்."

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். மேடத்தை அறிந்தவர்களே, அடுத்த கூட்டத்துக்கு யாராவது என்னோடு வாருங்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நில்லுங்கள், நான் திரும்பி ஓடிவிடாதபடி.