ஈஸ்டர் வெள்ளியும் ஒரு கலியாணக் கசெட்டும்

ஈஸ்டருக்கு யாராவது ஒஸ்லோ போவார்களா, எல்லாம் பூட்டிக் கிடக்குமே என்று லண்டனில் என் கணவர் கேட்டார். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. இருபத்தேழு வருடமாக வயிற்றுக்குள் கிடந்த ஒரு குற்றத்தை என் சிநேகிதி சுகிர்தாவிடம் ஒப்புக்கொள்ளப் போனேன்.

புதன்கிழமை மதியம் விமான நிலையத்தில் அதிவேக ரயிலை விட்டுவிட்டுச் சாதாரண ரயிலில் ஏறினேன். 129 குரோனர், இருபத்துமூன்று நிமிடம். அதே டிக்கெட்டில் நிலத்தடி ரயிலும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. நகர மையத்திலிருந்து வெஸ்ட்லி போகும் நிலத்தடி ரயிலில் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட. குரோருட் தாண்டியதும் ரயில் பாறைக்குள் நுழையும், அடுத்தது சுகிர்தா இப்போது இருக்கும் ரொம்சோஸ்.

குரோருட்டில்தான் அந்த நாளில் நானும் சுகிர்தாவும் ஒரே அறையில் இருந்தோம். பின்னேரங்களில் அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலை. நோர்வேக்காரருக்கு ஈஸ்டர் என்றால் துப்பறியும் கதை. பால் பெட்டியில்கூடக் கொலைக்கதை அச்சிடுவார்கள். தொலைக்காட்சியில் பழங்கால பிரித்தானியத் துப்பறியும் தொடர் போகும். பேச்சு ஆங்கிலம், கீழே எழுத்து நோர்வேஜியன். எங்களுக்கு இரண்டும் அரைகுறை. உருளைக்கிழங்குக்கு நோர்வேஜியனில் என்னவென்று தெரிவதற்கு முன்பே விஷம், வாரிசு, சாட்சி எல்லாம் தெரிந்திருந்தது. எவ்வளவு சந்தோஷமான காலம்!

இருபத்தேழு வருடத்துக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று இருவருக்கும் வேலை. அன்றைய துப்பறியும் நாடகத்தைப் பதியச் சொன்னாள் சுகிர்தா. கைக்கு அகப்பட்ட கசெட்டை வீடியோ டெக்கில் போட்டு, நேரம் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து போட்டால், மாளிகைக் கூடத்தில் எல்லோரையும் இருத்திவிட்டுத் துப்பறிவாளர் கொலையாளியைக் காட்டக் கையைத் தூக்குகிறார், நான் வைத்த நேரம் முடிந்து படம் அறுந்து சுகிர்தாவின் அப்பா வருகிறார். அவளுடைய அண்ணாவின் கலியாண வீடியோ! ஊரில் இருந்த பிரதி ஏற்கெனவே யுத்த இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. நாடகம் பதிவாகவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, கசெட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு கலியாணம் கட்டி லண்டன் போனேன். அடுத்த வருடம் அவளுடைய அப்பா இறந்தார்.

வெள்ளிக்கிழமை, தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னேன். "அண்ணான்ரை கலியாணக் கசெட்டை அழிச்சது நான்தானடி."

"தெரியும்," என்றாள் சுகிர்தா. "அப்பா செத்த அண்டைக்கு முகத்தைப் பாப்பமெண்டு போட்டனான். பிறகு மூண்டு மாதம் உன்னோடை கதைக்கேல்லை. நீ அதைக் கவனிக்கவுமில்லை."

அப்போது எனக்குப் புது மாப்பிள்ளை, புது வீடு.

அவளுடைய மகள் ஆரணி உள்ளிருந்து அதே கசெட்டோடு வந்தாள். "அன்ரி, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்கடை கொலைக்கதை இதுதான்," என்றாள்.

பார்த்தோம். துப்பறிவாளர் கையைத் தூக்கினார். படம் அறுந்தது. பந்தியில் சாம்பார் வாளியோடு அப்பா.

"அம்மப்பா!" என்று ஆரணி கத்தினாள். "சின்னனிலை இவர்தான் கொலைகாரன் எண்டு நினைச்சனான்."

எல்லோரும் சிரித்தோம். நாலு நிமிடத்தில் நாடா முடிந்தது. சுகிர்தா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணா மாப்பிள்ளையா வெளிக்கிடேக்கை அப்பா அழுதவர். அந்த இடம் அழிஞ்சு போச்சு," என்றாள்.

ஊரிலிருந்து கசெட் வந்த அன்று அவளோடு இருந்து முழுவதும் பார்த்தவள் நான். "ஓம், தோளிலை கிடந்த துவாயாலை முகத்தைப் பொத்திக்கொண்டு," என்றேன்.

"துவாயோ?" அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கு மறந்துபோச்சு. பிறகு?"

ஈஸ்டருக்குப் போகிறவர்கள் புதன்கிழமையே சாமான் வாங்கி வையுங்கள். வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் கடைகள் பூட்டு. சனி பின்னேரம் வரைதான். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. வீட்டை விட்டு வெளிக்கிடாமல் திங்கள் வரை அந்தக் கலியாணத்தையே கதைத்தோம். கலியாணத்தில் இன்னும் தாலி கட்டுமிடத்துக்கே வந்துசேரவில்லை.